கிட்டிக்காரரை விட்டுவிட்டு வில்லைத் தேடாதீர்கள்



இது நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள், ஆனால் கடைசிவரை படியுங்கள். முதல் பத்தியைப் பார்த்துவிட்டு 'அருமை சார்' என்று போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் அமெரிக்காவில் இருக்கும் தம்பி ஒருவர் ஒரு வீடியோ போட்டார். அங்கே வில் அம்பு வைத்து மான் வேட்டையாடுகிற ஒருவர், வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முன்னால் என்னென்ன செய்கிறார் என்பதுதான் வீடியோ. இருபது நிமிடம். நானும் முழுக்கப் பார்த்தேன். கீழே தம்பி எழுதியிருந்தார்: "எவ்வளவு டிசிப்ளின் பாருங்க. நம்ம ஊர்ல இதெல்லாம் யாருக்குத் தெரியும்? தீபாவளிக்கு வரும்போது ஒரு வில் வாங்கிட்டு வரலாம்னு இருக்கேன். மயில் தொல்லைக்கும் ஆச்சு."

அதற்குப் பதிலாக ஊரில் இருக்கும் இன்னொருவர் ஒரு போட்டோ போட்டார். விடியற்காலை, வரப்பு மேல் ஒரு மனிதர் நிற்கிறார். தோளில் மூங்கில் கிட்டிக் கட்டு, கையில் ஒரு கொத்து எலி. 'நம்ம ஊர் வில்வித்தை வீரர்' என்று தலைப்பு. அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். எண்ணிப் பார்த்தேன், பதினேழு. அதில் என் சொந்த அண்ணன் மகனும் உண்டு.

அந்தப் போட்டோவில் இருப்பவரை உங்களில் பலருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அவர் உங்களோடு ஐந்தாம் வகுப்பில் படித்தவர். குழுவில் அவர் இல்லை, ஏனென்றால் அவரைச் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அதனால் இந்தப் பதிவு. முதலில் அமெரிக்க வீடியோவுக்கு வருகிறேன்.

அந்த வேட்டைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் நாட்டில் மான் வேட்டைக்கு மாநில அரசு காலம் குறித்து அனுமதி தருகிறது. உரிமம் வாங்க வேண்டும், எத்தனை மான் என்று கணக்கு உண்டு. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வசூலிக்கும் வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கே செலவிட வேண்டும் என்று 1937-லேயே அங்கே சட்டம் போட்டார்கள். 1972-ல் வில்லையும் அம்பையும் அந்த வரிக்குள் கொண்டுவந்தார்கள். அவர் வாங்கும் ஒவ்வொரு வில்லிலும் காட்டுக்கு ஒரு பங்கு போகிறது. நல்ல ஏற்பாடுதான்.

அவர் காட்டியதும் மூன்றே விஷயம். ஒன்று, முன் தயாரிப்பு: கோடை முழுக்கத் தினமும் குறி பார்த்துப் பழகுகிறார், மான் வரும் தடத்தைப் பார்த்து வைக்கிறார். இரண்டு, கருவிப் பராமரிப்பு: நாணுக்கு மெழுகு தடவுகிறார், அம்பை வளைத்து விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறார், அம்பு தொடுக்காமல் வெறும் நாணை இழுத்து விடாதே, வில் உடையும் என்கிறார். மூன்று, வேட்டை இல்லாத மாதங்களில் சும்மா இருப்பதில்லை: உடம்பைப் பார்த்துக்கொள்கிறார், இடத்தைச் சுத்தம் செய்கிறார், சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். நம் தம்பி மயங்கியது இந்த ஒழுங்கில்தான். அதில் தப்பில்லை.

தப்பு எங்கே என்றால், 'மயில் தொல்லைக்கும் ஆச்சு' என்ற இடத்தில்.

தம்பி, அவர்கள் வில்லுக்கு வரி போட்ட அதே 1972-ல்தான் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் 'ஆயுதம்' என்றால் என்ன என்று ஒரு விளக்கம் இருக்கிறது. துப்பாக்கி, வலை, விஷம், கண்ணி, பொறி ஆகியவற்றோடு வில்லும் அம்பும் பெயர் சொல்லியே இருக்கின்றன. 'வேட்டை' என்றால் கொல்வது மட்டுமில்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, காயப்படுத்துவது, முட்டையை உடைப்பது, இவற்றில் எதற்கு முயன்றாலும் வேட்டைதான். மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது. முதல் பட்டியல் உயிரினத்தை வேட்டையாடினால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஏழு ஆண்டு சிறை. அபராதம் தனி. கொக்கும் மடையானும் அடுத்த பட்டியலில் வருகின்றன. அதற்கும் மூன்று ஆண்டு வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் வரை அபராதம். உன் அமெரிக்க வேலை, விசா எல்லாவற்றையும் ஒரு மயிலுக்காக அடகு வைக்காதே. அங்கே 'சீசன்' உண்டு. இங்கே மயிலுக்கும் கொக்குக்கும் சீசன் என்று ஒன்று கிடையாது.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. உழும் டிராக்டர் பின்னால் வெள்ளை வெள்ளையாக நடக்கும் கொக்குகள் என்ன தின்கின்றன என்று ஒருநாள் நின்று பார். புழு, வெட்டுக்கிளி, பூச்சி. காசு வாங்காமல் வேலை செய்கிற கூலியாட்கள். கவட்டை வைத்து மடையான் அடிக்கிற பையன்களையும், அதை வாங்கிக் குழம்பு வைக்கிற பெரியவர்களையும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். 'நம்ம ஊர்ல இதெல்லாம் யாருக்குத் தெரியும்' என்று கேட்டாயே, பதில் அதே குழுவில், அடுத்த போட்டோவில் இருந்தது. நீங்கள் சிரித்தீர்கள்.

எலிக் கிட்டி என்பது என்ன? வில்தான். மூங்கில் பிளாச்சை வளைத்து, கயிறு கட்டி, முறுக்கேற்றி, நடுவில் தீனி வைத்து, ஒரு சின்னக் குச்சியால் தடுத்து நிறுத்திய வில். எலி தீனியை இழுத்ததும் குச்சி விலகும், வில்லின் வேகம் முழுவதும் கழுத்தில் இறங்கும். அமெரிக்க வில்லில் மனிதன் கை நாணை விடுகிறது. இதில் எலியே விட்டுக்கொள்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். வேளாண் துறைப் புத்தகங்களில் இதற்குத் 'தஞ்சாவூர் வில் பொறி' என்றே பெயர். ஆங்கிலப் புத்தகத்திலும் தஞ்சாவூர் பெயரோடுதான் எழுதுகிறார்கள். வீணைக்கும் தட்டுக்கும் பொம்மைக்கும் தஞ்சாவூர் என்று சொன்னால் நெஞ்சை நிமிர்த்துகிறோம். இதற்கு மட்டும் சிரிப்பு.

போட்டோ வந்த மறுநாள் காலையில் நான் அவர் வீட்டுக்குப் போனேன். பல வருடம் கழித்துப் போகிறேன். "வாங்க சார்" என்று எழுந்து நின்றார். போட்டோ விஷயத்தைச் சொன்னேன். "அதெல்லாம் விடுங்க சார், எப்பவும் உள்ளதுதானே" என்றார். அந்த 'எப்பவும்' என்ற சொல்லுக்குப் பிறகு வருகிறேன். அவர் திண்ணையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வீடியோவில் பார்த்த மூன்று விஷயத்தையும் அங்கே பார்த்தேன்.

முதலில் பராமரிப்பு. அவரிடம் இருநூறு கிட்டிக்கு மேல் இருக்கிறது. அறுவடை முடிந்ததும் ஒவ்வொன்றையும் சேறும் ரத்தமும் போகக் கழுவி, நிழலில் காயவைத்து, கயிற்றை இறக்கிவிடுவாராம். "வளைச்சே வச்சிருந்தா மூங்கில் செத்துப்போயிடும் சார், துள்ளாது." மர வில் வைத்திருப்பவர்கள் நாணை இறக்கி வைப்பதும் இதே காரணத்துக்குத்தான். பிறகு கட்டுக் கட்டாக அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுகிறார். புகை பட்டால் மூங்கிலில் பூச்சி துளைக்காது. ஆடியில் இறக்கி ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்க்கிறார். சத்தத்திலேயே விரிசல் தெரியுமாம். நான் தட்டிப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. "இது போயிடுச்சு சார்" என்று வளைத்துக் காட்டினார், பட்டென்று முறிந்தது.

அடுத்து, வயலைப் படிப்பது. எலி வெட்டிய தூர் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கும், கத்தியால் சரித்து வெட்டியதுபோல. நண்டு வெட்டுக்கும் எலி வெட்டுக்கும் வித்தியாசம் உண்டு. வளை வாயில் மண் ஈரமாக, புதிதாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. சிலந்தி வலை இருந்தால் காலி வீடு. வரப்பில் எலி ஒரே தடத்தில்தான் திரும்பத் திரும்பப் போகும். அந்தத் தடத்தில் புல் படிந்திருக்கும். அங்கேதான் கிட்டி. பொழுது சாயும்போது வைத்து, விடிவதற்கு முன் எடுக்க வேண்டும். நாயும் காக்கையும் எழுந்துவிட்டால் கிட்டியே போய்விடும். வறுத்த நெல் வைப்பதா, கருவாடு வைப்பதா என்பது பயிர் எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கதிர் வந்துவிட்டால் எலிக்கு வயலே விருந்து, நம் தீனி எதற்கு? அதனால் தொண்டைக்கதிர் வருவதற்கு முன்பே முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும் என்கிறார்.

தம்பி, உன் வீடியோ ஆள் மான் தடம் பார்த்ததற்கு இது எதில் குறைச்சல்?

மூன்றாவது, வேலை இல்லாத மாதங்கள். மாசி அறுவடைக்குப் பிறகு ஆடி வரை அவருக்குக் கிட்டி வேலை இல்லை. தேங்காய் உரிக்கிறார், மட்டை அள்ளுகிறார், நூறு நாள் வேலைக்குப் போகிறார். 2018 கஜா புயல் பேராவூரணித் தென்னையை அடியோடு சாய்த்த பிறகு அந்த வேலையும் பல வருடம் இல்லாமல் கிடந்தது. அந்தக் கோடையில்தான் மூங்கில் வாங்கிப் பிளந்து புதுக் கிட்டி கட்டுகிறார். கையில் காசு இல்லாத மாதத்தில் முதலீடு. வருத்தத்தைக் கேட்டேன். "வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு சார். நாத்தங்கால் போட்டாச்சு. இன்னும் ஒருத்தரும் கூப்பிடல. மருந்து வச்சுக்கிறோம்னு சொல்லிட்டாங்க. புதுசா நாப்பது கிட்டி கட்டி வச்சிருக்கேன்."

இனி என் சண்டை உங்களோடு, அதாவது நிலம் வைத்திருக்கும் நம் ஆட்களோடு. நானும் அதில் ஒருவன். நானும் போன வருடம் மருந்துதான் வைத்தேன்.

'மருந்து சுலபம், ஆள் கூலி மிச்சம்' என்பது உங்கள் முதல் வாதம். கணக்குப் பார்ப்போம். துத்தநாகப் பாஸ்பைடு வைத்தால் எலி அன்றே சாகும், உண்மை. ஆனால் கொஞ்சமாகத் தின்று தப்பித்த எலி அந்தத் தீனிப் பக்கம் மறுபடி வராது. அதனால்தான் இரண்டு மூன்று நாள் விஷம் கலக்காத தீனி வைத்துப் பழக்கிவிட்டுப் பிறகு விஷம் வை என்று வேளாண் துறை சொல்கிறது. நம்மில் எத்தனை பேர் அப்படிச் செய்கிறோம்? கடையில் வாங்கி, அன்றே கலந்து, வரப்பில் வீசிவிட்டு வருகிறோம். புரோமடியலோன் கட்டி வைத்தால் வேறு கதை. அது ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் விஷம். எலி உடனே சாகாது, சில நாள் ஆகும். அந்தச் சில நாளும் தள்ளாடிக்கொண்டு வெட்டவெளியில் திரியும். அதைக் கூகை பிடிக்கும், பூனை பிடிக்கும், நாய் பிடிக்கும். எலி உடம்பில் இருக்கும் விஷம் அவற்றின் உடம்புக்குப் போகும். இரவெல்லாம் எலி பிடித்துக்கொண்டிருந்த கூகையைக் கொன்றுவிட்டு, அடுத்த வருடம் 'எலி அதிகமாயிடுச்சு' என்று அதிக விஷம் வாங்குகிறோம். மயிலை வில்லால் அடித்தால் ஜெயில். கூகையை விஷத்தால் அடித்தால் யாரும் கேட்பதில்லை. அதுதான் வித்தியாசம்.

விஷம் வயலோடு நிற்பதும் இல்லை. மிச்சம் இருப்பதை வீட்டு இறவானத்தில் செருகி வைக்கிறோம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தின்று ஈரல் கெட்டு இறந்த பிள்ளைகள் எத்தனை. பரீட்சையில் தோற்றவர்கள், வீட்டில் திட்டு வாங்கியவர்கள். கோபம் தணிந்து 'காப்பாத்துங்க' என்று அவர்களே கேட்கும்போது காலம் கடந்துவிடும். தமிழ்நாடு அரசே அந்தப் பசையைத் தடை செய்ய வேண்டி வந்தது. ஆசிரியராக இருந்தவன் சொல்கிறேன், வீட்டுக்குள் விஷம் இல்லாமல் இருந்தால் அந்த ஒரு இரவைக் கடந்து உயிரோடு இருக்கிற பிள்ளைகள் உண்டு. கிட்டியைத் தின்று யாரும் சாக முடியாது.

இரண்டாவது வாதம், 'கம்பி கட்டி கரண்ட் விட்டா ஒரே ராத்திரில முடியும்.' இதைச் சொல்கிறவர்கள் தயவுசெய்து என் வீட்டுக்கு வர வேண்டாம். எலிக்கும் பன்றிக்கும் போட்ட மின்கம்பியில் விவசாயி செத்தார், தண்ணீர் பாய்ச்சப் போன ஆள் செத்தார் என்று செய்தித்தாளில் படித்துப் படித்து அலுத்துவிட்டது. அது வேட்டையும் இல்லை, விவசாயமும் இல்லை.

மூன்றாவது வாதம் என் பங்காளி வகையில் ஒருவருடையது. 'எந்த உயிரையும் கொல்வது பாவம்தானே, நீங்கள் ஏன் கிட்டியைப் புகழ்கிறீர்கள்?' நியாயமான கேள்வி. வயலில் வரப்பு எலி ஒரு வளைக்குள் கிலோக் கணக்கில் கதிரை இழுத்துப் பதுக்கும். மூன்று வாரத்தில் குட்டி போடும். வரப்பை ஓட்டை போட்டுக் கடைமடைக்கு வந்து சேர்ந்த கொஞ்சத் தண்ணீரையும் அடுத்த வயலுக்குக் கசியவிடும். மேட்டூரில் திறந்து, கல்லணை வந்து, கல்லணைக் கால்வாயில் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து நம் வாய்க்காலுக்கு வருகிற தண்ணீர் அது. சோறு சாப்பிடுகிற நாம் எல்லோரும் எலியைக் கொல்கிறவர்கள்தான். யார் கையால், எந்த முறையில் என்பது மட்டும்தான் கேள்வி. பல நாள் ரத்தம் கசிந்து சாவது ஒரு முறை. பெரும்பாலும் ஒரு நொடியில் முடிவது ஒரு முறை. முதலாவதில் நம் கையில் ரத்தம் படுவதில்லை, அதனால் அது சைவம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

நான்காவது வாதத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பதினேழு சிரிப்புப் பொம்மைகள்தான் அந்த வாதம். 'எலி பிடிக்கிற வேலை கேவலமான வேலை.'

இங்கே நான் என் கதையைச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் சொல்லாதது.

அவர் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தாமதமாகத்தான் வருவார். விடியற்காலை நான்கு மணிக்கு அப்பாவோடு கிட்டி எடுக்கப் போய்விட்டு, கால் சேறு காயாமல் ஓடி வருவார். வகுப்பில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே எழுத மாட்டேன். நான் அதைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. ஒருநாள் வருகைப் பதிவு எடுக்கும்போது அவர் வாசலில் வந்து நின்றார். நான், உங்கள் ஆசிரியர், கேட்டேன்: "என்னடா, இன்னைக்கு எத்தனை?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிள்ளைகளின் மனத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்று இரண்டு வருடம் பயிற்சிப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவன் நான்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவர் வரவில்லை. 'வறுமை, அதனால் நின்றுவிட்டான்' என்று பதிவேட்டில் எழுதினேன். எனக்குள்ளும் அப்படியே எழுதிக்கொண்டேன். போன வாரம் அவர் 'எப்பவும் உள்ளதுதானே' என்று சொன்னபோதுதான் அந்தப் பதிவேட்டில் நான் எழுதியது பாதி உண்மைதான் என்று ஒத்துக்கொண்டேன். உங்கள் போட்டோவுக்கு முதல் சிரிப்பு நான் போட்டது, அன்றைக்கு.

திண்ணையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சங்கடப்பட்டு "டீ சாப்பிடுங்க சார்" என்றார். மன்னித்தாரா என்று தெரியாது. கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

வேலைக்கு மரியாதை தருவது முடியாத காரியம் இல்லை. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களை எலி பிடிக்கிறவர்கள், பாம்பு பிடிக்கிறவர்கள் என்று ஒதுக்கித்தான் வைத்திருந்தார்கள். 1978-ல் வடநெம்மேலியில் அவர்களுக்குப் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அவர்கள் எடுத்துக் கொடுக்கும் நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு மத்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. அவர்கள் கைத்திறன் அப்படியேதான் இருந்தது. பார்க்கிறவர்கள் கண்தான் மாறியது.

இன்னொரு உதாரணம், வில்லிலேயே. லிம்பா ராம் என்ற ராஜஸ்தான் பழங்குடிப் பையன் மூங்கில் வில்லை வைத்துக் குருவியும் கௌதாரியும் அடித்துக்கொண்டிருந்தவர். 1987-ல் தேர்வாளர்கள் கண்ணில் பட்டார். இந்தியாவுக்காக மூன்று ஒலிம்பிக்கில் வில் பிடித்தார், அர்ஜுனா விருது வாங்கினார், பிறகு பத்மஸ்ரீயும். அந்தப் பையன் குருவி அடித்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருந்தால்? தம்பி, உனக்கு வில் ஆசை இருந்தால் அங்கேயே ஒரு கிளப்பில் சேர்ந்து இலக்குப் பலகையில் அடி. உன் பிள்ளைக்கும் கற்றுக்கொடு. கைகள் இல்லாமல் பிறந்த சீதள் தேவி காலால் வில் பிடித்து 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கியதை அவர்களுக்குக் காட்டு. அது நல்ல கலை. ஊர் மயிலை விட்டுவிடு. மயிலோ பன்றியோ பயிரை அழித்தால் வனத்துறைக்கு மனு கொடுத்து இழப்பீடு கேட்பதுதான் வழி. நானே எழுதித் தருகிறேன்.

இனி, செய்ய வேண்டியது. ஆவணி பிறந்துவிட்டது. நம் பக்கத்தில் சம்பா நடவு தொடங்கப் போகிறது. சரியான நேரம்.

ஒன்று. எலி ஒழிப்பைத் தனியாகச் செய்யாதீர்கள். என் வயலில் மட்டும் பிடித்தால் உங்கள் வயல் எலி என் வயலுக்குக் குடி வரும். ஒரே வாய்க்காலில் பாயும் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, ஒரே வாரத்தில், நடவு முடிந்த ஒரு மாதத்துக்குள் கிட்டி வையுங்கள். கதிர் வந்த பிறகு கூப்பிட்டு 'எலி குறையலையே' என்று கிட்டிக்காரரைத் திட்டாதீர்கள்.

இரண்டு. கூலியை எலிக் கணக்கில் மட்டும் பேசாதீர்கள். எலி குறைந்த வயலில் அவருக்குக் காசும் குறையும் என்றால், அவர் நன்றாக வேலை செய்ததற்குத் தண்டனை கொடுக்கிறோம் என்று அர்த்தம். இரவு வைத்துக் காலை எடுக்கும் வேலைக்கு ஒரு கூலி, அதற்கு மேல் எலிக்கு. கோடையில் மூங்கிலுக்குக் கொஞ்சம் முன்பணம். டிராக்டருக்கு முன்பணம் கொடுக்கிறோமே.

மூன்று. ரப்பர் பூட்ஸும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில், காலில் புண்ணோடு நின்றால் எலிக் காய்ச்சல் வரும். ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிற நோய் அது. காய்ச்சல் வந்தால் 'எலி பிடிக்கிற வேலை பார்க்கிறேன்' என்று டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

நான்கு. வரப்பை அகலமாகப் போடாதீர்கள். அகல வரப்பு எலிக்கு மாடி வீடு. ஒரு அடி போதும். களை மண்டவிடாதீர்கள். வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வையுங்கள். பகலில் கரிச்சானும் இரவில் கூகையும் உட்கார்ந்து வேட்டையாடும். கூகை கத்தினால் சாவு வரும் என்று கல்லெறிகிற பாட்டிகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஐந்து. வாடா போடா வேண்டாம். அவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. பெயர் இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், 'வாங்க' என்று சொல்லுங்கள்.

அவர் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். திண்ணையில் நான் கிட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துத் தோற்றபோது, உள்ளேயிருந்து வந்து ஒன்றைக் கையில் எடுத்து, தட்டாமலே, "இது சார்" என்று விரிசல் கிட்டியைத் தனியாக வைத்தான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கனம் சார்" என்றான். பள்ளியில் யாரிடமும் சொல்ல மாட்டானாம். அவன் அப்பா என்னிடம் கேட்ட ஒரே உதவி, "அவன் படிப்பு நிக்காம பாத்துக்கங்க சார்" என்பதுதான். சாயங்காலம் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

நம் வாய்க்காலில் இதுவரை ஆறு பேர் மருந்து வைப்பதில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் எட்டுப் பேர் பதில் சொல்லவில்லை. அவர்களில் நான்கு பேர் இந்தப் பதிவைப் படிப்பார்கள். புதன்கிழமைக்குள் போன் செய்யுங்கள். அண்ணன் மகனே, நீயும்தான்.

போட்டோ போட்டவர் அதை நீக்கிவிடுங்கள். அவர் சம்மதித்தால் நாளைக்கே குழுவில் சேர்க்கப்போகிறேன். சேர்ந்ததும் யாரும் பழைய பட்டப்பெயரில் வரவேற்க வேண்டாம்.

அமெரிக்கத் தம்பி, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன்னைத்தான் அதிகம் திட்டியிருக்கிறேன், ஏனென்றால் தயாரிப்பின் அருமை தெரிந்தவன் நீ. தீபாவளிக்கு வரும்போது வில் வேண்டாம். நல்ல டார்ச் லைட் இரண்டும், உன் கால் அளவுக்கு ஒரு ஜோடி பூட்ஸும் வாங்கி வா. ஐப்பசியில் பயிர் தூர் கட்டி நிற்கும். நான்கு மணிக்கு எழுந்தால் அவரோடு வயலுக்குப் போகலாம். கேட்டுவிட்டேன். "வரட்டும் சார், ஆனா பேசாம வரணும்" என்றார். உன்னால் அது முடியுமா என்பதுதான் என் சந்தேகம்.

உங்கள் பழைய வாத்தியார்,
பேராவூரணி